சிஏ 19-9 ரிப்போர்ட் கையில வந்தா எப்படிப் பாக்கிறது

சிஏ 19-9ங்கிறது கணையப் புற்றுநோய் சம்பந்தமா பாக்கிற ஒரு ரத்த டெஸ்டு, 37 வரைக்கும் சாதாரணம்னு வைப்பாங்க. நம்பர் அதுக்கு மேலன்னு கண்டதும் போன எடுத்து தேடாதீங்க, எங்க வீட்டுல அதத்தான் செஞ்சோம். மாமாவுக்கு 140 வந்திச்சு, ஹட்டன்ல இருந்து பஸ் வந்து சேர்றதுக்குள்ள தோட்டத்து லயம் முழுக்க செய்தி பரவி அத்தை அழுது முடிச்சிட்டாங்க, கடைசில பாத்தா பித்தக் குழாயில கல்லு.

சிஏ 19-9 என்ன சாமான்னா, செல்லு ஒவ்வொண்ணோட தோலு மேலயும் சீனிச் சங்கிலிங்க கெளை விட்டு நிக்கும், தேயிலச் செடி மாதிரின்னு வச்சுக்கங்களேன். தேத்தண்ணியில போடுற சீனி இல்ல, அத நிறுத்தி நம்பர் கொறையாது (மாமா ரெண்டு நாள் நிறுத்திப் பாத்தாரு!). புற்றுநோய் செல்லுல இந்தக் கெளையோட நுனி மாறிப்போகும், சியாலிக் அமிலம்னு ஒரு சீனி நுனியில கூடுதலா ஒட்டிக்கும். நாலு சீனி சேந்த அப்படியான ஒரு நுனிதான் சிஏ 19-9, இன்னொரு பேரு சியாலில் லூயிஸ் ஏ. 1979ல அமெரிக்காவுல கோப்ரோவ்ஸ்கிங்கிற விஞ்ஞானியோட ஆளுங்க இத மட்டும் புடிக்கிற ஆன்டிபாடிங்கிற புரதத்த கண்டுபுடிச்சாங்க, முத்தின இலைய விட்டுட்டு கொழுந்த மட்டும் கிள்ளுற கை மாதிரி. லேப்ல ரத்தத்துல தேடுறது அந்த நுனியத்தான்.

ஆனா கணையம், பித்தக் குழாயில நல்ல செல்லும் இத கொஞ்சம் செய்யும், பித்தம் அடைச்சா வெளிய போக வழியில்லாம ரத்தத்துல ஏறிடும். அதனால கண்ணு மஞ்சளா இருக்கையில வந்த நம்பர வச்சு முடிவு கட்டாதீங்க, பிலிருபின் (காமாலை அளவு) ரிப்போர்ட்டையும் ஸ்கேனையும் சேத்து டாக்டர்கிட்ட குடுங்க, காமாலை எறங்கின பொறகு திரும்ப எடுக்கச் சொல்லுவாங்க.

கொறைஞ்ச நம்பரையும் நம்பிட முடியாது. நூத்துக்கு 5லருந்து 10 பேருக்கு பொறப்புலயே அந்த நுனியில ஃபியூகோஸ்ங்கிற இன்னொரு சீனிய ஒட்டுற நொதி வேலை செய்யாது, கணையத்துல கட்டி இருந்தாலும் ஏறாமலே கெடக்கும். உடம்பு எளைச்சு, ஒண்ணுக்கு கட்டன் தேத்தண்ணி கலர்ல போனா ரிப்போர்ட் நல்லாயிருக்குன்னு வீட்டுல இருக்காதீங்க.

சும்மா பயத்துக்கு செக் பண்ற டெஸ்டும் இல்ல இது, காசு வீண். கணையப் புற்றுநோய்னு உறுதியானவங்களுக்கு ஒப்பரேஷன், கீமோவுக்குப் பொறகு ஏறுதா எறங்குதான்னு பாக்கத்தான் உதவும், அதுவும் ஒரே லேப்ல எடுக்கணும், லேப் மாறினா நம்பரும் மாறும். கிளினிக் கொப்பியோட கடைசிப் பக்கத்துல தேதி, நம்பர், லேப் பேரு, அன்னைக்கு காமாலை இருந்ததான்னு எழுதிக்கங்க. மாமாவோட கொப்பியில ரெண்டே வரிதான், 140, கல்லெடுத்த பொறகு 22.