ஊருக்குக் கிளம்பும் முன் கைப்பேசி இணையத்தை அமைத்துக்கொள்வது எப்படி?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஏறினால் நாலு மணி நேரத்தில் திருச்சி. இறங்கியதும் அழைத்துப்போக வந்தவரைப் பிடிக்க வாட்ஸ்அப் வேண்டும், டாக்சி கூப்பிடவேண்டும், வங்கி அட்டைக்கு ஓடிபி வரவேண்டும். இணையம் இல்லாத அந்தப் பதற்றத்தில்தான் பலர் டேட்டா ரோமிங்கை, அதாவது சிங்கப்பூர் லைனின் இணையத்தை வெளிநாட்டு நெட்வொர்க்கில் ஓடவிடும் வசதியை, போட்டுவிடுகிறார்கள். என்ன ஆயிற்று என்பது அடுத்த மாத பில்லில்தான் தெரிகிறது. இத்தனைக்கும் வீட்டு வைஃபையில் உட்கார்ந்து அரை மணி நேரம் ஒதுக்கினால் எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்துவிடலாம்.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: எண் வேறு, இணையம் வேறு. சிங்கப்பூர் எண் குறுஞ்செய்தி வாங்க உயிரோடு இருக்கட்டும். இணையத்துக்கு விலை குறைந்த இன்னொரு லைன் போதும். இரண்டும் ஒரே கைப்பேசியில் ஒன்றாக இயங்கும்.

எந்தப் பயணத்துக்கு எது சரி?

ஜொகூர் பாருவுக்குப் போய் மாலையில் திரும்புவதாக இருந்தால் புதிதாக எதுவும் வாங்காதீர்கள். இப்போதைய சிம்-ஒன்லி (கைப்பேசி சேராத, சிம் மட்டும் தரும்) திட்டங்கள் பலவற்றில் மலேசியாவுக்கான ரோமிங் டேட்டா சில ஜிபி சேர்ந்தே வருகிறது. சிலவற்றில் இந்தோனேசியா, தாய்லாந்து, இந்தியா கூட உண்டு. உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் செயலியில் 'ரோமிங்' பகுதியைத் திறந்து, எந்தெந்த நாடு, எத்தனை ஜிபி என்று முதலில் பாருங்கள். ஏற்கெனவே கொடுத்த காசுக்குள் இருப்பதை மறுபடியும் விலைக்கு வாங்குவதுதான் நாம் அதிகம் பார்க்கும் வீண்செலவு.

ஒரு வாரம், இரண்டு வாரம் என்றால் பயண இ-சிம் நல்லது. இ-சிம் என்பது அட்டையாகப் போடாமல், இணையம் வழியே கைப்பேசிக்குள் பதிவு செய்துகொள்ளும் சிம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: உங்கள் நிறுவனம் நாள் கணக்கில் விற்கும் ரோமிங் டேட்டா, அதாவது நாள் பாஸ், ஒன்று 10 சிங்கப்பூர் வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 14 நாளுக்கு 140 வெள்ளி. அதே 14 நாளுக்கு 10 ஜிபி இ-சிம் சுமார் 20 வெள்ளிக்குள் பெரும்பாலும் கிடைத்துவிடும். நாள் பாஸ் எடுப்பவர்கள் 'ஒரு நாள்' என்பது 24 மணி நேரமா, நள்ளிரவுக்கு நள்ளிரவா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். நள்ளிரவுக் கணக்கானால், இரவு 11 மணிக்கு இறங்குபவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு பாஸ் தீர்ந்துபோகும்.

ஒரு மாதம், அதற்கு மேல் ஊரில் தங்குபவர்களுக்கு உள்ளூர் சிம்தான் லாபம். இந்தியாவில் நாளுக்கு 1.5 ஜிபி அல்லது 2 ஜிபி தரும் 28 நாள் திட்டங்கள் 300, 400 ரூபாய் அளவில் இருக்கின்றன. ஆதார் கையில் உள்ளவர்களுக்கு இது எளிது. வெளிநாட்டுக் கடப்பிதழ் வைத்திருப்பவர் கடப்பிதழ், விசா நகல், புகைப்படம் எல்லாம் கொடுக்கவேண்டும்; சிம் உயிர்பெற சில மணி நேரம் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். அந்த இடைவெளிக்காகவே 1 ஜிபி இ-சிம் ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நிம்மதி.

பழைய இந்திய சிம் வைத்திருக்கிறீர்களா? நீண்ட நாள் ரீசார்ஜ் இல்லாமல் கிடந்தால் எண் போய்விடும், அதனால் முதலில் அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூர் வங்கி அட்டையை இந்திய ரீசார்ஜ் செயலிகள் பல நேரம் ஏற்பதில்லை. கிளம்பும் முன்தினம் ஊரில் உள்ள தம்பியிடமோ அக்காவிடமோ சொல்லி ரீசார்ஜ் போடச் சொல்வதுதான் சுலபமான வழி.

படி 1: கைப்பேசி இ-சிம் ஏற்குமா?

அழைப்புத் திரையில் *#06# என்று அழுத்துங்கள். ஐஎம்இஐ எண்ணோடு 'ஈஐடி' என்று 32 இலக்க எண் ஒன்று தெரிந்தால் உங்கள் கைப்பேசியில் இ-சிம் வசதி உண்டு. ஐபோனில் 2018ல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் இருக்கிறது. சாம்சங்கில் எஸ்20 வரிசையிலிருந்து. ஆனால் எங்கே வாங்கியது என்பதைப் பொறுத்து மாறும். சீனாவுக்கென்று தயாரான ஐபோன்கள் பெரும்பாலானவற்றில் இரண்டு சிம் அட்டைகள் போடலாமே தவிர இ-சிம் கிடையாது.

ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய் 'கேரியர் லாக்' வரியையும் பாருங்கள். 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருக்கவேண்டும். இல்லையென்றால் அது ஒரே நிறுவனத்தின் சிம்முக்குப் பூட்டப்பட்ட கைப்பேசி. அமெரிக்காவில் ஒப்பந்தத்தில் வாங்கி யாரோ அன்பளிப்பாகத் தந்த கைப்பேசியில்தான் பூட்டு இருக்க வாய்ப்பு அதிகம்.

படி 2: எத்தனை ஜிபி?

வரைபடம், வாட்ஸ்அப் செய்தி, டாக்சி செயலி இவற்றுக்கு நாளுக்கு 300, 400 எம்பி தாராளம். காணொளிதான் எல்லாவற்றையும் விழுங்கும். நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்குப்படி சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி வரை, எச்டி என்றால் 3 ஜிபி வரை செலவாகும். அரை மணி நேர வாட்ஸ்அப் காணொளி அழைப்பு 150 எம்பியைத் தாண்டலாம். வீட்டில் வைஃபை உள்ள உறவினரிடம் தங்கினால் இரண்டு வாரத்துக்கு 5 ஜிபி போதும். கிராமத்து வீட்டில் வைஃபை இல்லையென்றால் 10 ஜிபி வாங்குங்கள்.

'அன்லிமிடெட்' என்ற சொல்லைப் பார்த்து மயங்கவேண்டாம். பல திட்டங்களில் நாளுக்கு 1 ஜிபியோ 2 ஜிபியோ ஓடியதும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வாட்ஸ்அப் செய்தி போகும், வரைபடம் சுற்றிக்கொண்டே இருக்கும். 'ஃபேர் யூஸ்' என்ற சிறிய எழுத்துப் பகுதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

படி 3: வாங்கும்போது பார்க்கவேண்டியவை

எந்த நிறுவனத்தின் கோபுரத்தில் இயங்கும் என்பதுதான் முதல் கேள்வி. ஏர்டெலா, ஜியோவா, 'வி' எனப்படும் வோடஃபோன் ஐடியாவா? சென்னையில் எது இருந்தாலும் ஓடும். மன்னார்குடிக்கு உள்ளே ஒரு கிராமம் என்றால் கதை வேறு. வீட்டுக்கு அழைத்து, "உள் அறையில் எந்த நெட்வொர்க் எடுக்குது?" என்று கேட்டுவிட்டு அதற்கேற்ற இ-சிம்மை வாங்குங்கள். கூடத்தில் கிடைக்கும் சிக்னல் கொல்லைப்புறத்தில் கிடைக்காத வீடுகள் நிறைய.

அடுத்து, நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது? பதிவு செய்த நொடியிலிருந்தா, அந்த நாட்டு நெட்வொர்க்கைத் தொட்ட பிறகா? முதல் வகையாக இருந்தால் கிளம்பும் நாளன்றுதான் பதிவு செய்யவேண்டும். குடும்பமாகப் போகிறீர்கள் என்றால் ஹாட்ஸ்பாட் அனுமதி உண்டா என்றும் பாருங்கள். இருந்தால் அப்பா, அம்மா கைப்பேசிகளுக்குத் தனியாக எதுவும் வேண்டாம். இந்த இ-சிம்கள் பெரும்பாலும் இணையத்துக்கு மட்டும், எண் வராது.

இந்தியா போகிறவர்கள் வாங்குவதையும் பதிவதையும் சிங்கப்பூரிலேயே முடித்துவிடவேண்டும். 2024 ஜனவரியில் இந்திய அரசு சொன்னதன்பேரில் ஏரலோ, ஹோலாஃப்ளை ஆகிய இரண்டு இ-சிம் செயலிகளும் அங்குள்ள ஆப்பிள், கூகல் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன. தரையிறங்கியபின் தேடிக்கொள்ளலாம் என்று இருந்தால் கையைப் பிசையவேண்டி வரும்.

படி 4: கைப்பேசியில் பதிவு செய்தல்

இதற்கு இணையம் வேண்டும், வைஃபையில் இருங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், மொபைல் சர்வீஸ், 'ஆட் இ-சிம்'. சாம்சங்கில் செட்டிங்ஸ், கனெக்‌ஷன்ஸ், சிம் மேனேஜர், 'ஆட் இ-சிம்'. கியூஆர் குறியீடு அதே கைப்பேசிக்கு மின்னஞ்சலாக வந்திருந்தால் எப்படிப் படம்பிடிப்பது என்று பலர் திகைத்து நின்றுவிடுகிறார்கள். மடிக்கணினியில் திறந்து திரையைக் காட்டலாம். ஐஓஎஸ் 17.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உள்ள ஐபோனில் அந்தப் படத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தாலே 'ஆட் இ-சிம்' என்று வரும். எழுத்துக் குறியீட்டைக் கையால் அடிப்பதாக இருந்தால் பூஜ்யத்தையும் ஆங்கில 'ஓ' எழுத்தையும் மாற்றி அடித்துவிடாதீர்கள். நகலெடுத்து ஒட்டுவது நல்லது.

பதிவு முடிந்ததும் ஐபோன் வரிசையாகக் கேள்வி கேட்கும். இங்கே அவசரப்பட்டு 'கன்டினியூ' அழுத்திக்கொண்டே போகக்கூடாது. லைன்களுக்குப் பெயர் கேட்டால் 'சிங்கப்பூர்', 'ஊர்' என்று வையுங்கள். 'பிரைமரி', 'செகண்டரி' என்று விட்டால் விமான நிலையத்தில் எது எதுவென்று குழம்பும். அழைப்புக்கும் ஐமெசேஜுக்கும் சிங்கப்பூர் எண்ணையே தேர்ந்தெடுங்கள். மொபைல் டேட்டாவுக்கும் இப்போதைக்கு சிங்கப்பூர்தான். 'அலோ மொபைல் டேட்டா ஸ்விட்சிங்' என்பது அணைந்திருக்கவேண்டும். அது எரிந்துகொண்டிருந்தால் ஒரு லைனில் சிக்னல் குறையும்போது கைப்பேசி தானாகவே மற்ற லைனின் டேட்டாவுக்குத் தாவப் பார்க்கும்.

எல்லாம் முடிந்ததும் 'ஊர்' லைனை அணைத்து வையுங்கள். மார்சிலிங், உட்லண்ட்ஸ் பக்கம் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். நீரிணைக்கு அப்பால் ஜொகூரின் கோபுரங்கள் கிட்டத்தில் இருப்பதால், மலேசிய இ-சிம் வீட்டுக் கூடத்திலேயே அந்த நெட்வொர்க்கைப் பிடித்து நாள் கணக்கைத் தொடங்கிவிடும். சோதனைச்சாவடியைத் தாண்டியபின் போட்டால் போதும்.

படி 5: சிங்கப்பூர் லைனைப் பாதுகாத்தல்

இரண்டு ரோமிங்குகள் உண்டு. டேட்டா ரோமிங்கைக் கைப்பேசியில் அணைக்கவேண்டும். அழைப்பு, குறுஞ்செய்திக்கான ரோமிங்கை நிறுவனத்தின் செயலியில் திறந்து வைக்கவேண்டும். அது மூடியிருந்தால் ஓடிபி வராது. வெளிநாட்டில் குறுஞ்செய்தி பெறுவதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. வரும் அழைப்பை எடுத்தால் நிமிடக் கணக்கில் காசு போகும், ஆகவே எடுக்காமல் விட்டு வாட்ஸ்அப்பில் திரும்ப அழையுங்கள். பிரீபெய்டு அட்டை வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன் கொஞ்சம் இருப்புத்தொகை போட்டுவைப்பது அவசியம்.

சிங்பாஸ் என்ற சிங்கப்பூர் அரசின் மின்னடையாளச் செயலியும் வங்கிப் பரிவர்த்தனையை உறுதிசெய்யும் டிஜிட்டல் டோக்கனும் அந்தக் கைப்பேசியோடு கட்டப்பட்டவை. ஆகவே பயணத்துக்கு முந்தைய வாரம் புதுக் கைப்பேசிக்கு மாறாதீர்கள்.

இன்னொரு நுட்பம். பயண இ-சிம் பெரும்பாலும் வேறொரு நாட்டு நிறுவனத்தின் சிம். அதனால் இந்தியாவில் அது 'ரோமிங்' ஆகத்தான் இயங்கும். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பகுதியில் 'வென் ரோமிங்' என்று தனி வரி இருக்கிறது. அங்கே படம், காணொளி, ஆவணம் எல்லாவற்றின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். 'மொபைல் டேட்டா' வரியை மட்டும் மாற்றினால் போதாது. குடும்பக் குழுவில் காலை வணக்கக் காணொளிகள் ஒரு வாரம் வந்தாலே ஒரு ஜிபி காணாமல் போய்விடும். புகைப்படங்கள் மேகக் கிடங்குக்கு ஏறுவதையும் வைஃபைக்கு மட்டும் என்று வையுங்கள். போகும் ஊரின் கூகல் வரைபடத்தையும் இங்கேயே பதிவிறக்கிக்கொள்ளலாம்.

படி 6: இறங்கியதும்

விமானப் பயண நிலையை எடுங்கள். 'ஊர்' லைனைப் போட்டு, அதன் டேட்டா ரோமிங்கையும் போடுங்கள். இதுதான் பலருக்குத் தயக்கம்: ரோமிங் போட்டால் காசு போகுமே என்று. இ-சிம்மில் ரோமிங் போடாவிட்டால் இணையமே வராது. அணைந்திருக்கவேண்டியது சிங்கப்பூர் லைனின் ரோமிங் மட்டும்தான். பிறகு மொபைல் டேட்டாவை 'ஊர்' லைனுக்கு மாற்றுங்கள். எண்ணை மாற்றவா என்று வாட்ஸ்அப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வேலை செய்யவில்லை என்றால்

ஐந்து நிமிடம் பொறுங்கள். பிறகு விமானப் பயண நிலையில் அரை நிமிடம் வைத்து எடுங்கள். சிக்னல் கோடுகள் இருந்தும் இணையம் வரவில்லையா? பெரும்பாலும் ஏபிஎன், அதாவது இணையத்தோடு இணைக்கும் முகவரிச் சொல், சரியில்லை; விற்றவர் அனுப்பிய மின்னஞ்சலில் அந்தச் சொல் இருக்கும், அதை எழுத்துப் பிசகாமல் செட்டிங்ஸில் போடுங்கள். கோடே இல்லையா? 'நெட்வொர்க் செலக்‌ஷன்' போய்த் தானியங்கித் தேர்வை எடுத்துவிட்டு, படி 3ல் பார்த்துவைத்த நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுங்கள்.

எது நடந்தாலும் இ-சிம்மை அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பெரும்பாலான கியூஆர் குறியீடுகள் ஒருமுறைதான் வேலை செய்யும். அழித்தால் கொடுத்த காசு போனதுதான்.

திரும்பி வந்ததும்

சாங்கியில் 'ஊர்' லைனை அணைத்து மொபைல் டேட்டாவை சிங்கப்பூர் லைனுக்கு மாற்றுங்கள். நெட்வொர்க் தேர்வைக் கையால் மாற்றியிருந்தால் தானியங்கிக்குத் திருப்பிவிடுங்கள். டேட்டா தீர்ந்த இ-சிம்மை உடனே அழிக்கவேண்டாம்: பல நிறுவனங்கள் அதே இ-சிம்மில் மறுபடி டேட்டா ஏற்ற விடுகின்றன, தீபாவளிக்குப் போனவர் பொங்கலுக்கும் போவதாக இருந்தால் பதிவு செய்யும் வேலை மிச்சம்.