சேலம் ஜவ்வரிசியை மலேசியாவுக்குக் கப்பலேற்றுவது எப்படி? முதல்முறை அனுப்புவோருக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியிலிருந்து மும்பைக்கு லோடு அனுப்பிப் பழகியவருக்கு ஏற்றுமதி பெரிய வித்தை இல்லை. ஆனால் லாரி கிளம்பிய பிறகு போன் போட்டு பில்லை மாற்றிக்கொள்ளும் பழக்கம் மட்டும் இங்கே செல்லாது. கஸ்டம்ஸ் வேலையில் முக்கால்வாசி சேலத்திலேயே, மேஜை மேலேயே முடிந்துவிட வேண்டும்.

பதிவுகள்

முதலில் ஐ.இ.சி. எண், அதாவது ஏற்றுமதி-இறக்குமதி செய்பவருக்கான அடையாள எண். டி.ஜி.எஃப்.டி. என்ற மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் துறைத் தளத்தில் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். உங்கள் பான் எண்தான் ஐ.இ.சி. எண்ணாகவும் வரும். வருடாவருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதை அப்டேட் செய்ய வேண்டும். எதுவும் மாறாவிட்டாலும் உள்ளே போய் உறுதி செய்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் எண் முடங்கிவிடும்.

அடுத்து ஜி.எஸ்.டி. தளத்தில் எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் போடுங்கள். இது இருந்தால் வரி கட்டாமல் அனுப்பலாம். இல்லாவிட்டால் வரியைக் கட்டிவிட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். இதையும் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகப் போட வேண்டும்.

பிறகு வங்கியில் ஏ.டி. கோடு (அந்நியச் செலாவணி கையாளும் வங்கிக் கிளையின் குறியீடு) கடிதம் வாங்கி, கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளத்தில் பதிவு செய்யுங்கள். இது துறைமுகவாரியானது. தூத்துக்குடிக்குப் பதிந்துவிட்டு, கப்பல் கிடைக்கவில்லையென்று சென்னைக்கு மாறினால் அங்கேயும் பதிய வேண்டும். பான், வங்கி, ஜி.எஸ்.டி. மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்பது நம் ஊரில் சகஜம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

விலை பேசும்போது

எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என்றால் சரக்கு கப்பலில் ஏறும்வரை செலவு உங்களுடையது. சி.ஐ.எஃப். என்றால் கப்பல் வாடகையும் இன்சூரன்சும் உங்கள் தலையில். புதியவர்களுக்கு எஃப்.ஓ.பி.தான் நல்லது என்பேன். சாம்பிளை முன்கூட்டியே அனுப்பி, என்னென்ன லேப் டெஸ்ட், என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று வாங்குபவரிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தப் பக்கத்துக் கஸ்டம்ஸில் பதில் சொல்லப்போவது அவர்தான்.

மூன்று தாள், ஒரே கணக்கு

சரக்கு மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் (கஸ்டம்ஸிடம் கொடுக்கும் ஏற்றுமதி விண்ணப்பம்) மூன்றும் ஒரே எடையைச் சொல்ல வேண்டும். உதாரணமாக 25 கிலோ மூட்டை 400. நிகர எடை 10,000 கிலோ. காலிப் பை ஒன்று 100 கிராம் என்றால் பைகள் மட்டும் 40 கிலோ. மொத்த எடை 10,040. "சுமார் பத்து டன்" என்று எழுதும் மண்டிக் கணக்கு உதவாது. காலிப் பையைத் தராசில் வைத்துப் பார்த்தே எழுதுங்கள்.

சரக்கின் பெயரை வெறும் "சேகோ" என்று விடாமல், மரவள்ளி மாவில் செய்த ஜவ்வரிசி என்று புரியும்படி குறிப்பிட்டு, எச்.எஸ். கோடு, அதாவது உலகம் முழுக்கச் சரக்குகளுக்கு வைத்திருக்கும் வகை எண், 1903 போடுங்கள். அதே தலைப்பு எண்தான் மலேசியாவிலும். ஆறாவது இலக்கத்துக்குப் பின்னால் வருபவை நாட்டுக்கு நாடு மாறும், அதை வாங்குபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

லோடு ஏற்றுதல்

கன்டெய்னர் குடோனுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நில்லுங்கள். எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அங்கே மழைநீரும் இறங்கும். வேறு கன்டெய்னர் கேளுங்கள். ஜவ்வரிசிக்கு ஈரம்தான் எமன். கடல் வழியில் கூரையில் வியர்த்துச் சொட்டும், எனவே ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுங்கள். மூட்டைகளுக்கு அடியில் மரப் பேலட் வைத்தால் அதில், மரத்தில் பூச்சி இல்லாதபடி பதப்படுத்தியதைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்க வேண்டும். கன்டெய்னர் கதவில் போடும் சீலின் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கஸ்டம்ஸ்

ஷிப்பிங் பில்லை கஸ்டம்ஸ் புரோக்கர் தாக்கல் செய்வார். அதற்கு முன் அவர் அனுப்பும் செக்லிஸ்ட்டை, அதாவது ஷிப்பிங் பில்லின் வரைவை, நீங்களே வரிவரியாகப் படியுங்கள். அவருக்கு அன்றைக்கு இருபது பார்ட்டி இருக்கலாம். எந்தச் சரக்கைத் திறந்து பார்ப்பது என்பதைப் பெரும்பாலும் கம்ப்யூட்டரே தேர்வு செய்கிறது. பார்க்கச் சொன்னால் பதற வேண்டாம். எல்லாம் சரியென்றால் 'லெட் எக்ஸ்போர்ட் ஆர்டர்' என்ற ஏற்றுமதி அனுமதி கிடைக்கும். கன்டெய்னரின் மொத்த எடைச் சான்றான வி.ஜி.எம். கொடுக்காமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். 2016 ஜூலை முதல் உலகம் முழுக்க இதுதான் விதி.

கப்பல் கிளம்பிய பிறகு பி.எல். வரும். இது கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது, ஒரிஜினலைக் காட்டித்தான் அங்கே சரக்கை எடுக்க முடியும். முழுப் பணமும் கைக்கு வராமல் ஒரிஜினல் பி.எல்.லை நேராக வாங்குபவருக்குக் கூரியர் செய்துவிடாதீர்கள். வங்கி மூலமாகவே அனுப்புங்கள், அவர் பணம் கட்டிவிட்டு எடுத்துக்கொள்ளட்டும்.