மிக்ஸர் வாங்கும்போது யூஎஸ்பி என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள்

போன மாதம் கும்பகோணம் பக்கத்திலிருந்து இரண்டு தம்பிகள் வந்திருந்தார்கள். புதிதாக மெல்லிசைக் குழு ஆரம்பித்திருக்கிறார்கள். கார் பின்சீட்டில் இன்னும் பிரிக்காத அட்டைப் பெட்டி. உள்ளே மிக்ஸர், அதாவது மைக், கீபோர்டு சத்தங்களையெல்லாம் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி. "அண்ணே, பதினாறு சேனல், யூஎஸ்பி இருக்கு. கச்சேரியும் பண்ணிக்கலாம், அப்படியே ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியா ரெக்கார்டும் பண்ணிக்கலாம்" என்றான் கீபோர்டு வாசிக்கிறவன். பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். "பில் வச்சிருக்கியா? திருப்பி எடுத்துக்குவாங்களா?" என்று மட்டும் கேட்டேன். 2014-ல் நானும் இப்படித்தான் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினேன்.

கேபிளை மாற்றிச் செருகுவது, திறந்த மைக்கோடு ஸ்பீக்கர் முன்னால் நடந்து ஊளையிட வைப்பது, இதெல்லாம் இரண்டு கச்சேரியில் தானாகச் சரியாகிவிடும். கடையில் காசை எண்ணி வைக்கிற நேரத்தில் செய்யும் தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன். அவை வருடக்கணக்கில் கூடவே வரும்.

பெட்டி மேல் இருக்கும் எண்

சேனல் என்பது சத்தம் மிக்ஸருக்குள் வரும் ஒரு பாதை. ஆனால் 12 சேனல் என்றால் 12 மைக் போடலாம் என்று அர்த்தம் இல்லை. ஸ்டீரியோ லைன் (கீபோர்டு போன்றவற்றின் இடது, வலது ஜோடியைச் செருகும் இடம்) ஒவ்வொன்றையும் இரண்டாகக் கணக்குப் போட்டுத்தான் அந்த எண்ணைக் கொண்டுவருகிறார்கள். யமஹாவின் எம்ஜி10எக்ஸ்யூ-வில் மைக்குக்கு 4 இடம். எம்ஜி12எக்ஸ்யூ-வில் 6. எம்ஜி16எக்ஸ்யூ-வில் 10. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, விவரத் தாளில் தெளிவாகவே போட்டிருப்பார்கள். நாம்தான் படிப்பதில்லை.

மூன்று முனை மைக் கேபிள் செருகும் துளைகளை விரல் வைத்து எண்ணுங்கள். பாடகர் மூன்று பேர், தபலாவுக்கு இரண்டு, டோலக்குக்கு ஒன்று, புல்லாங்குழலுக்கு ஒன்று, அறிவிப்பாளருக்கு ஒன்று. எட்டு ஆகிவிட்டது. கீபோர்டும் ரிதம் பேடும் ஸ்டீரியோ லைனில் போய்விடும். எட்டு தேவைப்பட்டால் பத்து உள்ளதை வாங்குங்கள். கடைசி நிமிடத்தில் வாழ்த்துரை வழங்க யாராவது மேடை ஏறுவார்கள்.

எல்லா யூஎஸ்பியும் ஒன்றுதான் என்று நினைப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மிக்ஸரில் யூஎஸ்பி என்று எழுதியிருந்தால் அது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். முதலாவது, பென்டிரைவ் செருகிப் பாட்டுப் போடும் ஓட்டை. சிலவற்றில் அதிலேயே பதிவும் ஆகும், ஆனால் மொத்தக் கலவையாகத்தான் ஆகும். இரண்டாவது, லேப்டாப்புக்குக் கேபிள் போகும் யூஎஸ்பி, ஆனால் உள்ளே போவது இடது, வலது என்று இரண்டே டிராக், அதாவது தனியாகப் பதிவாகும் தடம். விலை குறைந்த அனலாக் மிக்ஸர்களில் பெரும்பாலும் இதுதான். மேலே சொன்ன யமஹா எக்ஸ்யூ வரிசையும் இப்படித்தான். பன்னிரண்டு பேர் வாசித்தாலும் பதினாறு பேர் வாசித்தாலும் லேப்டாப்பில் வந்து சேர்வது இரண்டு டிராக். மூன்றாவதுதான் மல்டிடிராக், அதாவது ஒவ்வொரு சேனலும் தனித்தனியாக லேப்டாப்புக்குப் போவது.

சவுண்ட்கிராஃப்டில் சிக்னேச்சர் 12 என்று ஒன்று, சிக்னேச்சர் 12 எம்டிகே என்று ஒன்று. முகம் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். முதலாவது கணினிக்கு 2 டிராக் அனுப்பும், எம்டிகே 14 அனுப்பும். மூன்று எழுத்துதான் வித்தியாசம்.

இரண்டு டிராக்காக இருந்தால் என்ன, கச்சேரி நன்றாகத்தானே கேட்டது என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கடம். ஒரு கல் மண்டபத்தில் கச்சேரி. பாடகியின் அப்பாவிடம், "எல்லாம் தனித்தனியா பதிவாகும் சார், அப்புறம் உட்கார்ந்து மிக்ஸ் பண்ணித் தரேன்" என்று வாக்குக் கொடுத்து முன்பணமும் வாங்கிவிட்டேன். அன்று எல்லாரும் சவுண்ட் பிரமாதம் என்றார்கள். ராத்திரி வீட்டுக்கு வந்து ஹெட்போனை மாட்டினால், குரல் காதுக்குள் உட்கார்ந்துகொண்டு பாடுகிறது, மிருதங்கம் அடுத்த தெருவில் வாசிக்கிறது. கடத்தைத் தேட வேண்டியிருந்தது.

கல் மண்டபத்தில் மிருதங்கத்துக்கு மைக்கே வேண்டாம், அதன் சொந்தச் சத்தமே நிறைந்துவிடும். அதனால் அதன் ஃபேடரை, அதாவது சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளு குமிழை, கொஞ்சூண்டுதான் ஏற்றியிருந்தேன். அது சரியான முடிவுதான். ஆனால் ரெக்கார்டிங்குக்குப் போனது அந்தக் கொஞ்சூண்டு மட்டும். மண்டபத்தில் எது குறைவோ அதை ஈடுகட்டத்தான் மிக்ஸர் வேலை செய்கிறது. அந்த ஈட்டை மட்டும் பதிவு செய்தால் கச்சேரி கிடைக்காது. தவில் வாசிக்கும் இடத்தில் இது இன்னும் மோசமாகும். இரண்டு டிராக்கில் ஒட்டிப்போனதை அப்புறம் நன்றாகப் பிரிக்க அன்று என் கையில் எந்த வழியும் இல்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த அப்பா என்னைத் திட்டவில்லை. "பரவாயில்ல தம்பி" என்றார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

28,000 கொடுத்து வாங்கியதைத் தூக்கிப் போட முடியுமா? கொஞ்ச நாள் குறுக்கு வழியில் ஓட்டினேன். சேனலில் இன்செர்ட் ஜாக் (அந்தச் சேனலின் சத்தத்தை வெளியே எடுத்துத் திருப்பி அனுப்பும் துளை) இருந்தால், சாதா மோனோ ஜாக்கை முதல் 'டிக்' வரைக்கும் பாதி செருகினால் அந்தச் சேனலின் சத்தம் தனியாக வெளியே வரும். அதை வேறொரு ஆடியோ இன்டர்ஃபேஸில் (சத்தத்தைக் கணினிக்குள் அனுப்பும் பெட்டி) வாங்கிப் பதிவு செய்யலாம். ஒரு கச்சேரியில், தனி ஆவர்த்தனத்தின்போது, காபி கொண்டுவந்த பையன் கேபிளைக் காலால் தட்ட, ஜாக் முழுசாக உள்ளே போய்விட்டது. முழுசாகப் போனால் சேனல் வெட்டிவிடும். மிருதங்கம் ஸ்பீக்கரிலிருந்து காணாமல் போனது. அதோடு அந்த வித்தையை விட்டேன்.

ஆகவே கடையில் இதைச் செய்யுங்கள். லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோங்கள். ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளை 60 நாள் காசில்லாமல் சோதிக்கலாம், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ் என்றால் அந்த மிக்ஸருக்கான டிரைவரையும் போட்டுக்கொள்ளுங்கள். மிக்ஸரை இணைத்து, உள்ளே வரும் சேனல் எத்தனை என்று பாருங்கள். இரண்டு என்று காட்டினால் அது இரண்டுதான், கடைக்காரர் என்ன சொன்னாலும். பெட்டியைப் பிரிக்க மாட்டோம் என்றால் விவரத் தாளில் '2 இன் / 2 அவுட்' என்ற வரியைத் தேடுங்கள், அது இருந்தால் இரண்டு டிராக்தான். லேப்டாப்பே வேண்டாம் என்பவர்களுக்கு ஜூம் எல்-12 போன்ற மிக்ஸர்கள் உண்டு. 12 சேனலும் மாஸ்டரும் (மொத்தக் கலவை) தனித்தனி டிராக்காக எஸ்டி கார்டிலேயே இறங்கிவிடும்.

கச்சேரி மட்டும்தான், பதிவே வேண்டாம் என்றால் இந்தத் தலைப்பை விட்டுவிடலாம். ஆனால் அப்படிச் சொன்ன யாரும் ஆறு மாதம் தாக்குப்பிடித்து நான் பார்த்ததில்லை.

ஆக்ஸ்

மேடையில் இருப்பவர் கேட்பதற்காக வைக்கும் ஸ்பீக்கர்தான் மானிட்டர். அதற்குச் சத்தம் போவது ஆக்ஸ் என்ற தனி வெளிவழி மூலமாக. ஆக்ஸ் ஒன்று மட்டும் உள்ள மிக்ஸரில், அது எக்கோவுக்கே போய்விடும். குறைந்தது இரண்டு வேண்டும், அதில் ஒன்றாவது ப்ரீ ஃபேடராக, அதாவது ஃபேடரை ஏற்றி இறக்கினாலும் மாறாததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் சபைக்காகப் பாடகரின் ஃபேடரை இறக்கும்போதெல்லாம் அவர் காதிலும் குரல் இறங்கும், அவர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார். வயலின்காரருக்குச் சுருதி வேண்டும், பாடகருக்கு வயலின் வேண்டாம். ஒரே மானிட்டரில் இருவரையும் திருப்திப்படுத்தியவர் யாரும் இல்லை.

ஆம்ப்ளிஃபையர் சேர்ந்த மிக்ஸர்

வேண்டாம். ஒன்று பழுதானால் இரண்டும் கடைக்குப் போகும்.

99 எஃபெக்ட்

எக்கோ மாதிரி 99 வகை உள்ளேயே இருக்கிறது என்பார்கள். ஒன்றிரண்டைத்தான் தொடுவீர்கள்.

டேப்லெட்டில் ஓட்டும் மிக்ஸர்

கணக்குப் போட்டால் இப்போது இதுதான் லாபம். பெரிஞ்சர் எக்ஸ்ஆர்18-ல் 16 மைக் துளை, லேப்டாப்புக்கு 18 டிராக், ஆறு ஆக்ஸ். பெட்டி ஒரு கையில் அடங்கும். ஆனால் ஃபேடர் கிடையாது, எல்லாம் திரையில்தான். இந்த ரகத்தில் உள்ளேயே இருக்கும் வைஃபையை மட்டும் நம்பித் திருவிழாவுக்குப் போகாதீர்கள். ஆயிரம் செல்போன் நடுவே டேப்லெட் தொடர்பு அறுந்துபோய், பாட்டு பாட்டுக்கு ஓட, நான் பூட்டிய வீட்டுக்கு வெளியே நிற்கிறவன்போல நின்றிருக்கிறேன். 5 கிகாஹெர்ட்ஸ் ரூட்டர் ஒன்று, நீளமான நெட்வொர்க் கேபிள் ஒன்று. இவற்றின் விலையையும் மிக்ஸர் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

செகண்ட்ஹேண்ட்

தாராளமாக வாங்கலாம். ஸ்பீக்கரில் சத்தத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஃபேடரையும் மேலும் கீழும் நகர்த்துங்கள், கரகரப்பு எங்கே என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு துளையிலும் மைக்கைச் செருகிப் பாருங்கள், கண்டென்ஸர் வகை மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட்டைப் போட்டு அப்படி ஒரு மைக்கையும் சோதியுங்கள். பவர் அடாப்டர் அதே மாடலுக்கு உரியதுதானா என்றும் பாருங்கள்.

என்னுடைய 28,000 ரூபாய் மிக்ஸரை எங்கள் ஊர் பஜனை மடத்துக்கு 11,000-க்குக் கொடுத்தேன். மார்கழியில் இன்னும் ஓடுகிறது. தம்பிகளின் பெட்டியைக் கடையில் எடுத்துக்கொண்டார்கள், பிரிக்காமல் இருந்ததால்.