பூனையும் நாமும் 90 சதவீதம் ஒன்றா?

பூனைக்கும் மனிதருக்கும் 90 சதவீத மரபணு ஒன்று என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றும். 2007-இல் சின்னமன் என்ற அபிசீனியப் பூனையின் மரபணு வரைபடம் வெளியானபோது கிடைத்த கணக்கு அது. பூனையின் மரபணுக்களில் சுமார் 90 சதவீதத்துக்கு நம்மிடம் இணை மரபணு உண்டு, அவ்வளவுதான். எழுத்துக்கு எழுத்து ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பூனை நமக்கு எலியைவிட நெருக்கம் என்பதும் தவறு. பரிணாம வழியில் எலிதான் நமக்குப் பங்காளி, பூனை தூரத்துச் சொந்தம். ஆனால் பூனையின் 38 குரோமோசோம்களில் மரபணுக்கள் அமைந்திருக்கும் வரிசை, எலியுடையதைவிட நம்முடையதை அதிகம் ஒத்திருக்கும். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

சரி, இதெல்லாம் பேச்சோடு போகிற தவறுகள். உயிரை வாங்குகிற தவறு வேறு. ஐப்பசி அடைமழையில் புதுச்சேரி முத்தியால்பேட்டை வீடு ஒன்றில் பூனை சாப்பிடாமல் சுருண்டு கிடக்கிறது, தொட்டால் சுடுகிறது. நமக்குக் கேட்கிற மருந்து அதற்கும் கேட்கும் என்று குழந்தையின் பாராசிட்டமால் சிரப்பைக் கொஞ்சம் ஊற்றிவிடுகிறார்கள். அந்த மருந்தைப் பக்குவப்படுத்தி வெளியேற்ற நம் கல்லீரலுக்கு உதவும் மரபணுக்களில் ஒன்று யுஜிடி1ஏ6. பூனையிடமும் அது இருக்கிறது, ஆனால் பழுதாகி, வேலை செய்யாமல். தேங்கும் நஞ்சு ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். தெரியாமல் கொடுத்திருந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். குரும்பாப்பட்டு கால்நடை மருத்துவக் கல்லூரியோ பக்கத்துக் கால்நடை மருத்துவரோ, உடனே தூக்கிக்கொண்டு போங்கள். மருந்துப் பாட்டிலும் கையில் இருக்கட்டும். மாற்று மருந்து உண்டு, சீக்கிரம் போனால் பலிக்கும்.

இனிப்பை உணர வேண்டிய மரபணுவும் பூனைக்கு இப்படித்தான் செயலிழந்தது. பாயசத்தை நக்கினால் அது பாலுக்கும் நெய்க்கும்தான்.

அப்புறம் பெர்சியன் குட்டி வாங்குகிறவர்கள். ஒற்றுமை நிஜமாகவே தலைகாட்டும் இடம் இது. மனிதருக்குப் பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய்க்குப் பெரும்பாலும் காரணமான பிகேடி1 மரபணுதான் பெர்சியன் பூனையிலும் கோளாறு செய்கிறது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடம் இந்தக் கோளாறு இருந்தாலே குட்டிக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. விற்பவர் தடுப்பூசி அட்டையை நீட்டுவார். அதில் சிறுநீரகத்தைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. தாய் தந்தைக்கு மரபணுச் சோதனை செய்த சீட்டைக் கேளுங்கள். இல்லையென்றால் குட்டிக்குப் பத்து மாதம் ஆனபின் வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.