டப்ளினில் நாள் தள்ளிப்போனால், யாரிடம் போகிறோம் என்று முதலில் விசாரியுங்கள்

நைட் டூட்டி முடிந்து வந்த காலை அது. எங்கள் வீட்டு மாடியறையில் தங்கி எம்.எஸ். படிக்கும் பொள்ளாச்சிப் பெண் சமையலறையில் காத்திருந்தாள். "அக்கா, ரெண்டு வாரம் கழிச்சு ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் பொறுக்கலாம்ல?" கர்ப்பம் என்று தெரிந்து, கருக்கலைப்பு பற்றிக் கேட்க அவள் கூகுளில் தேடிப் பிடித்த கவுன்சலிங் சென்டராம். எல்லாம் இலவசமாம்.

சுவரில் இருந்த தமிழ் காலண்டரைக் கழற்றி மேசையில் வைத்து எண்ணினோம். நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும், சேர்ந்த நாளிலிருந்து அல்ல. அவளுக்கு 7 வாரம் 3 நாள். அயர்லாந்தில் 2019 ஜனவரி முதல், 12 வாரம் வரை கேட்டாலே கருக்கலைப்பு செய்துகொள்ளலாம். 9 வாரம் வரை ஜி.பி. என்னும் குடும்ப டாக்டரே மாத்திரை தருவார், அதற்கு மேல் ஆஸ்பத்திரிதான். டாக்டர் பார்த்துச் சான்று எழுதியபின் 3 நாள் கட்டாயம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு வாரம் போயிருந்தால் அவளுக்கு 9 வாரம் 3 நாள். வீட்டிலேயே முடிக்கும் வழி அடைபட்டிருக்கும். ஸ்கேனை இன்னும் ஒருமுறை தள்ளிப்போட்டிருந்தால் 12 வாரம் கண்ணெதிரே வந்து நின்றிருக்கும். இப்படி நாளைக் கடத்துவதுதான், கருக்கலைப்பைத் தடுக்க ஆஸ்பத்திரி போல வேஷம் போடும் இத்தகைய சென்டர்களின் முக்கிய வேலை. ஆதரவாகப் பேசி, டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்து, நாளைத் தின்றுவிடுகிறார்கள்.

கலைத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்றும் அவளிடம் சொல்லியிருந்தார்கள். பொய். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 2003-லேயே ஆய்வுகளை அலசி, தொடர்பில்லை என்று சொல்லிவிட்டது. இனிக் குழந்தையே பிறக்காது என்றார்களாம். முறையாகச் செய்த கருக்கலைப்பு பிள்ளைப்பேற்றைக் கெடுப்பதில்லை. ஒரு நர்ஸாக எனக்கு வயிறு எரிந்தது.

கருக்கலைப்பு கூடாது என்று நம்புகிறவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லி உதவட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆஸ்பத்திரி போல வேஷம் போடுவதுதான் தவறு.

போகும் முன் ஃபோனில் நேராகக் கேளுங்கள்: "கருக்கலைப்பு செய்யும் டாக்டரிடம் என்னை அனுப்புவீர்களா?" ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் வர வேண்டும். "நேரில் வாங்க, பேசலாம்" என்றால் ஃபோனை வைத்துவிடுங்கள். அடுத்து, பேசுபவரின் முழுப் பெயரும் பதிவும் கேளுங்கள். டாக்டர் என்றால் மெடிக்கல் கவுன்சில் பதிவேட்டிலும், நர்ஸ் என்றால் என்.எம்.பி.ஐ. என்னும் நர்ஸுகள் வாரியத்தின் பதிவேட்டிலும் பெயர் இருக்கும். இரண்டையும் இணையத்தில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்து நம்பாதீர்கள்.

நேர்வழி, அரசின் சுகாதாரத் துறையான எச்.எஸ்.இ. நடத்தும் மை ஆப்ஷன்ஸ் உதவி எண் 1800 828 010. அழைப்புக்குக் காசில்லை. எந்தப் பக்கமும் தள்ளாமல் பேசுவார்கள், எந்த ஜி.பி.யிடம் போகலாம் என்றும் சொல்வார்கள். இந்த நாட்டில் வசிப்பவர்களுக்குச் சிகிச்சையும் இலவசம். 2019-இல் இதே பெயரைப் போலவே ஒரு போலி இணையதளம் முளைத்தது. அதனால் தேடலில் வரும் இணைப்பை அழுத்தாமல் எண்ணையே அழுத்துங்கள்.

அவள் அன்று மதியமே அழைத்தாள், அந்த வாரமே ஜி.பி.யைப் பார்த்தாள். என்ன முடிவெடுத்தாள் என்பது அவள் விஷயம்.

ஆனால் சென்டரிலிருந்து ஃபோன் நிற்கவில்லை. பெயர், முகவரி, மாதவிலக்குத் தேதி எல்லாம் முதல் நாளே எழுதி வாங்கியிருந்தார்கள். ஜி.டி.பி.ஆர். என்னும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி நம்மைப் பற்றி வைத்திருப்பதன் நகலைக் கேட்கலாம், அழிக்கவும் கேட்கலாம், ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். இரண்டு வரி மின்னஞ்சல் போதும்: "என்னைப் பற்றிய பதிவுகளின் நகலை அனுப்பிவிட்டு அவற்றை அழித்துவிடுங்கள். இனி என்னை அழைக்காதீர்கள்." பதில் வராவிட்டால் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தில் புகார் செய்யலாம். அவளுக்கு மூன்றாவது வாரம் பதில் வந்தது. அத்தோடு ஃபோனும் நின்றது.