ஓவியக் கண்காட்சிக்குப் போகும் பின்னல்காரருக்கு

மறுமலர்ச்சிக் கால உருவப்படங்களைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் பாதி பின்னிய ஸ்வெட்டரை வாசலிலேயே ஒப்படைத்துவிடுங்கள். ஊசியோடு உள்ளே விடாத கூடங்கள் உண்டு. விட்டாலும், நானூறு வருடத்துப் படத்துக்கு முன் உலோக ஊசியை நீட்டிக் காட்டிப் பேசுகிறவரைக் காவலர் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். பென்சில், கிராஃப் தாள், கிட்டத்தில் குவியும் சின்ன பைனாகுலர் போதும். பேனா வேண்டாம். பையை முன்பக்கமாக மாட்டுங்கள். குனியும்போது ஆடிப் படத்தில் இடிப்பது பெரும்பாலும் தோள்பைதான். படம் எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டு ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள்.

உள்ளே போனதும் ஒரு ஏமாற்றம் காத்திருக்கும். வெல்வெட், சாட்டின், ஜரிகை, உரோமம், லினன் என்று கண்ணில் படுவதெல்லாம் நெய்தது அல்லது தைத்தது. பின்னல் ஒரு கண்ணிகூட (பின்னல் ஊசியில் விழும் ஒரு வளையம்) தெரியாது. கழுத்தைச் சுற்றிய லேஸைப் பார்த்ததும் 2 மி.மீ. ஊசிக்குக் கை துறுதுறுக்கும், அதுவும் நம்முடையதில்லை. பின்னிய லேஸை உற்றுப் பார்த்தால் துளைகளுக்கு இடையே ‘வி’ வடிவக் கண்ணிகள் வரிசையாக நிற்கும். தையல் ஊசியால் செய்த லேஸில் கம்பிபோல் நேரான பாலங்களும் கூரான முனைகளும் இருக்கும். பாபின் (நூல் சுற்றிய சிறு கட்டை) வைத்துச் செய்த லேஸில் நூல்கள் ஜடைபோல் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டு ஓடும்.

அப்படியானால் நம் வேலை எங்கே? பாவாடைக்குள். 1545 வாக்கில் ஓவியர் புரோன்சினோ வரைந்த, பிளாரன்ஸ் கோமகள் எலியனோரா டி டொலேடோவின் படம் அந்த ஊரின் உஃபிசி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எல்லோரும் அந்த கவுனைப் பார்ப்பார்கள். 1562இல் அவரை அடக்கம் செய்தபோது காலில் இருந்தவை சிவப்புப் பட்டு நூலில் பின்னிய காலுறைகள். நிட்டும் (முன்பக்கம் ‘வி’யாகத் தெரியும் கண்ணி) பர்லும் (முன்பக்கம் சின்ன மேடாகத் தெரியும் கண்ணி) மாறி மாறி வரும் வேலைப்பாடு. அவை அதே ஊரில் பிட்டி அரண்மனையில் இருக்கின்றன. ஓவியத்துக்குள் வர இடம் கிடைக்காதது அங்கே பத்திரமாக இருக்கிறது.

இன்னொரு ஒளிவிடம் தொப்பி. அதே நூற்றாண்டு ஓவியர் ஹோல்பைனின் படங்களில் வரும் தட்டைத் தொப்பி சீமான் தலையில் வெல்வெட்டாக இருக்கலாம். சாதாரண ஆட்கள் போட்டது கம்பளியில் பின்னி, வெந்நீரில் அடித்துச் சுருக்கி, மேல்மயிரைக் கிளப்பிக் கத்தரித்தது. அதனால்தான் கண்ணி தெரியாது. 1571இல் இங்கிலாந்தில் இதற்குச் சட்டமே வந்தது. மேல்தட்டுக்காரர்கள் முதலான சிலர் தவிர, ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் பின்னிய கம்பளித் தொப்பி போட வேண்டும். தவறினால் நாளுக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். 1597இல் அதை நீக்கிவிட்டார்கள்.

தொப்பி செய்து பார்க்க ஆசை வந்தால் மாதிரித் துண்டைத் தவிர்க்கவே கூடாது. 10 செ.மீ.க்கு 16 கண்ணி, 22 வரிசை வருகிற தடித்த கம்பளியில் 32 கண்ணி, 44 வரிசை போட்டால் 20க்கு 20 செ.மீ. துண்டு கிடைக்கும். அதை வெந்நீரில் அலசி அளந்தால் அகலம் 16, உயரம் 14 என்று வைத்துக்கொள்வோம் (உயரம் அதிகம் சுருங்குவதுதான் வழக்கம்). 56 செ.மீ. தலைச்சுற்றுக்கு 56ஐ 0.8ஆல் வகுத்தால் 70 செ.மீ.; அதாவது 112 கண்ணி. ‘சூப்பர்வாஷ்’ என்று போட்ட நூல் எவ்வளவு அடித்தாலும் இழை ஒட்டிச் சுருங்காது. நல்ல கம்பளியோ ஐந்து நிமிடம் கவனிக்காவிட்டால் பொம்மைத் தொப்பியாகிவிடும், திரும்ப வராது.

இனி எலியனோராவின் கவுனில் மார்பு நடுவே உள்ள பெரிய மாதுளை உருவைப் பின்னலுக்குக் கொண்டுவருவோம். கண்காட்சியில் நிழலையெல்லாம் விட்டுவிட்டு, நடுக்கோடு போட்டு ஒரு பாதியின் புறக்கோட்டை மட்டும் வரையுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் உரு உடைந்திருக்கும், அங்கே எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்து அளவு: கேஜ் (உங்கள் பின்னலின் அடர்த்தி) 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை என்றால் 15 செ.மீ. மாதுளைக்கு 33 கண்ணி, 45 வரிசை. சதுரக் கட்டத்தில் 33க்கு 33 என்று வரைந்தவர்களுக்கு உயரம் 11 செ.மீ.தான் வரும், மாதுளை அமுங்கிப் பூசணியாகிவிடும்.

அந்தத் துணியில் வெள்ளை, கறுப்பு, பொன் என மூன்று நிறம். ஒரு வரிசையில் இரண்டுக்கு மேல் எடுக்காதீர்கள். வெள்ளையும் பொன்னும் பின்னிவிட்டு, கறுப்புக் கொடிகளை டூப்ளிகேட் தையலால் (பின்னிய கண்ணியின் மேலேயே அதே வடிவில் தைப்பது) மேலே போடுங்கள். இரண்டு நூலில் எது கீழாக ஓடுகிறதோ அதன் கண்ணிதான் எடுப்பாகத் தெரியும். ஆகவே பொன் கீழே. நடுவில் மாற்றினால் பழம் திட்டுத்திட்டாகிவிடும். பின்பக்க நூல் 5 கண்ணிக்கு மேல் தாண்டினால் இடையில் ஒருமுறை பிடித்துவிடுங்கள்.

படத்தில் பொன் பகுதி சமதளமாக இருக்காது, பொடிப்பொடி வளையமாக எழும்பி நிற்கும். பர்ல் முடிச்சு அதற்கு அப்படியே பொருந்தும். ஆனால் பொன் தொடங்கும் முதல் வரிசையைப் பர்லாகப் போட்டால் கீழ்வரிசையின் வெள்ளை மேலே எட்டிப் பார்க்கும். முதல் வரிசை நிட், இரண்டாவதிலிருந்து பர்ல். ஒவ்வொரு முறையும் பர்ல் முடிந்ததும் நூலைப் பின்னால் கொண்டுபோக மறந்தால் முன்பக்கம் கோடு விழும்.

முதல் முயற்சிக்கு மாதுளை கனமாகத் தோன்றினால், வியன்னாவில் இருக்கும் ஹோல்பைனின் ஜேன் சீமோர் (இங்கிலாந்து அரசி) படத்தில் மணிக்கட்டைப் பாருங்கள். வெள்ளை லினனில் கருநூல் வேலை. வடிவியல் உரு என்பதால் கட்டத்தில் சுலபமாக இறங்கும். கையுறை விளிம்புக்கு 12 கண்ணி மடங்கு போதும்.