'ஓம்' வேறு, 'யெஸ்' வேறு: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஆங்கில வகுப்பு விசயத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். நிரந்தர வதிவுரிமையோடு வந்தவர்களுக்கும் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கும் புதிதாக வந்தவர்களுக்கு மத்திய அரசு நடத்தும் 'லிங்க்' என்ற மொழி வகுப்பு இலவசம். முதலில் மதிப்பீட்டு நிலையத்தில் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்கையும் பார்த்து சி.எல்.பி. என்ற கனடிய மொழித்திறன் அளவு தருவார்கள், அதைக் கொண்டுபோய்ச் சேரலாம். அகதிக் கோரிக்கை முடியாதவர்களும் குடியுரிமை எடுத்துவிட்டவர்களும் லிங்க்கில் சேர முடியாது, கல்விச் சபைகள் நடத்தும் மாகாண இ.எஸ்.எல். (இரண்டாம் மொழியாக ஆங்கிலம்) வகுப்புகளை விசாரியுங்கள். பொது நூலகக் கிளைகள் சிலவற்றில் உரையாடல் வட்டம் நடக்கிறது, அதற்கும் காசில்லை. 18 முதல் 54 வயது வரையானவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது பேசுதலிலும் கேட்டலிலும் சி.எல்.பி. 4 காட்ட வேண்டும்.

அம்மாவுக்கு 63 வயது. அந்தச் சான்று தேவையில்லை, ஆகவே வகுப்பும் தேவையில்லை என்று நான்தான் முடிவெடுத்தேன். ஊரில் உபதபாற்கந்தோரில் 31 வருடம் வேலை செய்தவ, ஆங்கிலப் படிவம் எதைக் கொடுத்தாலும் என்னைவிட வேகமாக நிரப்புவா. அவவுக்கு ஆங்கிலம் தெரியாது என்று ஒருவரும் சொல்ல முடியாது.

பித்தப்பையில் கல். நான்கு மாதம் காத்திருந்து சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைத்தது. முதல்நாள் நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடக்கூடாது, அம்மா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் அவவை இறக்கிவிட்டு, காரை நிறுத்த இடம் தேடிப் போனேன். அந்த இருபது நிமிடத்துக்குள் தாதி வந்து கேட்டிருக்கிறா, "யூ ஹாவன்ற் ஹாட் எனிதிங் ரூ ஈற் சின்ஸ் மிட்நைற்?" நள்ளிரவிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லைத்தானே என்று. அம்மா ஊர்ப் பழக்கத்தில் "யெஸ்" என்றிருக்கிறா. ஓம், சாப்பிடவில்லை என்று அர்த்தம். தாதி முகம் மாறி, "வட் ரைம்?" என்று கேட்க, அம்மா முதல்நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட இரண்டு இடியப்பத்தை நினைத்து "எயிற் ஓ க்ளொக்" என்றா. தாதி எழுதியது காலை எட்டு மணி. வயிற்றில் சாப்பாடு இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம், அதனால் இதில் அவர்கள் மிகவும் கண்டிப்பு. நான் வந்து விளக்கும்போது அம்மாவின் இடம் அடுத்தவருக்குப் போய்விட்டது. இன்னும் ஏழு கிழமை. அதற்குள் இரண்டு இரவுகள் வலி தாங்காமல் அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தோம். "கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்" என்று நேராகக் கேட்டிருந்தால் இது ஒன்றுமே நடந்திராது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, என்ன நடந்தது என்று பாருங்கள். நாங்கள் 'ஓம்' என்று சொல்வது கேட்டவரோடு உடன்படுவதற்கு. "நீ சாப்பிடேல்லையோ?" "ஓம், சாப்பிடேல்லை." இந்தியத் தமிழர்களின் 'ஆமா'வும் அப்படித்தான். ஆங்கிலத்தில் யெஸ், நோ இரண்டும் கேட்டவரைப் பார்ப்பதில்லை, நடந்த காரியத்தைத்தான் பார்க்கும். சாப்பிட்டிருந்தால் யெஸ், சாப்பிடாவிட்டால் நோ, கேள்வி எந்தப் பக்கமாக வந்தாலும் சரி. யெஸ்ஸுக்குப் பின்னால் 'நொற்' வராது, இல்லை என்று சொல்லும் நோவுக்குப் பின்னால் அது கட்டாயம் வரும். ஆகவே தனி யெஸ்ஸோடு, தனி நோவோடு ஒருபோதும் நிறுத்தாதீர்கள், வாலையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "நோ, ஐ ஹாவன்ற்." "யெஸ், ஐ ஹாவ்." வால் இருந்தால், தலை பிழைத்தாலும் எதிரில் நிற்பவர் திரும்பக் கேட்பார்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கையைக் காட்டி "டூ யூ மைண்ட்?" என்று கேட்பார்கள். உட்கார்ந்தால் உங்களுக்கு ஆட்சேபனையா என்பதுதான் கேள்வி. மரியாதையாக நினைத்து யெஸ் சொன்னால் அந்த மனுசர் தள்ளிப் போய் நிற்பார். "நோ, கோ அஹெட்" என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, 'கான்'. இங்குள்ளவர்கள் 'கான்ற்' என்பதன் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார்கள். முடியும் என்பதை மெதுவாக 'கன்' என்று தட்டிவிட்டு அடுத்த சொல்லில் அழுத்துவார்கள், முடியாது என்பதை 'கான்' என்று இழுப்பார்கள். நாங்களோ முடியும் என்பதைத்தான் அழுத்திச் சொல்வோம். என் தம்பி சனிக்கிழமை வேலைக்கு "ஐ கான் கம்" என்று உறுதியாகச் சொல்லி, அந்த வேலை வேறு ஆளுக்குப் போனது. "யெஸ், ஐ வில் கம்" என்றால் குழப்பமில்லை. 'இரண்டு வருடமாக இருக்கிறேன்' என்பதை அப்படியே கொண்டுபோய் "ஐ ஆம் ஹியர் சின்ஸ் ரூ இயர்ஸ்" என்றும் சொல்லாதீர்கள். "ஐ ஹாவ் பீன் ஹியர் ஃபோர் ரூ இயர்ஸ்." தொடங்கிய நாளுக்கு சின்ஸ், கால அளவுக்கு ஃபோர்.

ஸ்காபரோவில் மீன் வாங்கவும் முடி வெட்டவும் கோயிலுக்குப் போகவும் தமிழே போதும். வந்த புதிதில் அது பெரிய ஆறுதல், சின்ன வெங்காயத்தையும் முருங்கைக்காயையும் கண்டு நான் கடையிலேயே கண் கலங்கியிருக்கிறேன். ஆனாலும் கிழமைக்கு ஒருதரம் தமிழ் இல்லாத கடையில் நின்று நாலு வசனம் கதையுங்கள். ஆஸ்பத்திரிக்கென்றால் நாள் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு வையுங்கள்.

அந்த ஏழு கிழமையும் பின்னேரங்களில் என் மகள் குசினி மேசையில் இருந்து, அம்மா வெங்காயம் உரிக்க உரிக்க, இல்லை என்று முடியும் கேள்வியாகவே கேட்டாள். "யூ டோன்ற் வோன்ற் ரீ, அம்மம்மா?" அம்மா கத்தியை வைத்துவிட்டு யோசித்துப் பதில் சொல்லுவா. மூன்றாம் கிழமையில் கத்தி நிற்கவில்லை. இரண்டாம் முறை ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை. "நோ, ஐ ஹாவன்ற் ஈற்றன் எனிதிங்" என்று அவவே சொன்னா.

உங்கள் வீட்டில் இன்றைக்கே தொடங்க மகள் கேட்ட கேள்விகளில் நான்கு: "யூ டோன்ற் ஹாவ் எனி அலர்ஜீஸ்?" "யூ ஆர் நொற் ரேக்கிங் எனி மெடிசின்?" "யூ டோன்ற் டிறைவ்?" "டிடின்ற் தே கோல் யூ?" உண்மையைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள், வாலோடு.